உங்களுக்குத் தெரியுமா? வண்ணம் தீட்டப் போய் நிரல் கற்ற கதைகள்

முதல் லோகோவில் ஆமை கிடையாது

சிறுவர்களுக்கென்றே உருவான கணினி மொழி என்றதும் லோகோவும் அதன் ஆமையும்தான் நினைவுக்கு வரும். 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபோய்ர்ட்ஸைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோவை உருவாக்கினார்கள். அந்த முதல் பதிப்பில் படமும் இல்லை, ஆமையும் இல்லை. சொற்களை வெட்டி ஒட்டி வாக்கியம் அமைத்து விளையாடுவதோடு சரி. சில ஆண்டுகள் கழித்துத்தான் சக்கரம் வைத்த நிஜ ஆமை வந்தது. தரையில் விரித்த பெரிய தாளில் அது ஊர்ந்து போகும், வயிற்றில் செருகிய பேனா கோடு இழுக்கும். திரைக்குள் ஆமை குடியேறியது அதற்கும் பிறகு.

ஆமை ரோபோவுக்கு ஒரு தாத்தாவும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் 1940களின் இறுதியில் எல்மர், எல்ஸி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்திருந்தார். வெளிச்சத்தைத் தேடிப் போவதுதான் அவற்றின் வேலை.

144 என்ற எண்ணின் ரகசியம்

ஆமையைச் சதுரம் போட வைப்பது எளிது: முன்னே 100, வலப்பக்கம் 90 பாகை, இதை நான்கு முறை. முக்கோணத்தில்தான் முதல் தகராறு வரும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளை, 60 என்றே கொடுக்கும். ஆமை அறுகோணத்தின் பாதியைப் போட்டுவிட்டு அந்தரத்தில் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. படம் மட்டும் தப்பாக இருக்கும். உடனே பிள்ளையை எழுப்பி, 'நீயே ஆமையாக நடந்து பார்' என்று சொல்ல வேண்டும். நடந்து பார்த்தால் உடம்பு திரும்புவது உள்கோணம் அல்ல, வெளிக்கோணம், அதாவது 120 என்பது காலுக்கே தெரிந்துவிடும். பேப்பர்ட் அடிக்கடி பரிந்துரைத்த வழி இதுதான்.

ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு 144. ஐந்து முறை திரும்பினால் 720 பாகை. ஆக, நட்சத்திரம் போடும் ஆமை தன்னைத்தானே இரண்டு முழுச்சுற்று சுற்றுகிறது.

இப்போது 144க்குப் பதில் 145 என்று கைதவறி அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நட்சத்திரம் மூடாது. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து விழும். விடாமல் ஓடவிட்டால் 72ஆவது கோட்டில் ஆமை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதற்குள் 29 முழுச்சுற்று சுற்றியிருக்கும். திரையில் 72 முனைகள் கொண்ட கதிர்ச்சக்கரம்! ஒவ்வொரு கோட்டுக்கும் நிறத்தை மாற்றிக்கொண்டே போனால், தவறாக அடித்தவர்தான் வகுப்பிலேயே அழகான படத்துக்குச் சொந்தக்காரர். 145ஐயும் 360ஐயும் பொதுவாக வகுக்கும் பெரிய எண் 5. 360ஐ 5ஆல் வகுத்தால் 72. மீப்பெரு பொது வகு எண் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டலாம்.

என்னைக் கேட்டால், படம் வரைந்து நிரல் கற்பதில் மிகப் பெரிய லாபமே இதுதான். எழுத்தில் வரும் பிழைச் செய்தி 'உனக்குத் தெரியவில்லை' என்கிறது. கோணலாக வந்த படமோ 'இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்' என்கிறது.

செயல்முறைக்குப் பெயர் 'சிவப்பு'

எழுதப் படிக்கத் தெரியாத மழலைக்கு நிரல் சொல்லித்தர முடியுமா? 1970களின் நடுவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் முடியும் என்று காட்டினார். விசைப்பலகைக்குப் பதில் பொத்தான் பெட்டி. அடுத்து, அட்டை செருகும் பெட்டி. அதில் வரிசைக்கு ஒரு நிறம். படம் போட்ட அட்டைகளை வரிசையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஆமை அதன்படி நடக்கும். நடுவே ஒரு சிவப்பு அட்டையைச் செருகினால் சிவப்பு வரிசையின் கட்டளைகள் ஓடும். கல்லூரிப் பாடத்தில் 'ஃபங்ஷன் கால்' என்று வருகிற அதே சங்கதிதான். இந்தப் பெட்டியில் பெயருக்குப் பதில் நிறம். இதே பெர்ல்மன் பிறகு கணினி வலையமைப்புகளில் தகவல் சுழன்று சிக்கிக்கொள்ளாமல் காக்கும் 'ஸ்பேனிங் ட்ரீ' நெறிமுறையை வகுத்து உலகப் புகழ் பெற்றார்.

மஞ்சள் விளக்கே இல்லாத மஞ்சள்

கைப்பேசியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையில் மிகச் சின்னதாக ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு லென்ஸாக வேலை செய்யும். வெள்ளை காணாமல் போய்ச் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். அடுத்து மஞ்சள் நிறப் படம் ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். அங்கே மஞ்சள் இருக்காது. சிவப்பும் பச்சையும் மட்டும் எரியும், நீலம் அணைந்திருக்கும்.

வாட்டர் கலர் பெட்டியோடு வளர்ந்த பிள்ளைக்கு இது அநியாயமாகப் படும். 'சிவப்பும் பச்சையும் கலந்தால் சேறு மாதிரிதானே வரணும் சார்?' சாயத்தில் அப்படித்தான். சாயம் ஒளியை விழுங்கும். திரை ஒளியைக் கூட்டும். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றை எந்த அளவில் தூண்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வகுப்பில் முதல் செய்முறையாக இதைச் செய்தால், பிறகு மூன்று எண்களால் நிறம் சொல்வதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஒரு சின்னத் திருத்தம்: மஞ்சள் புள்ளியும் சேர்த்த டிவி உண்மையிலேயே வந்தது. 2010இல் ஷார்ப் நிறுவனம் குவாட்ரான் என்ற பெயரில் விற்றது. அந்த வழி நிலைக்கவில்லை.

1861இலேயே ஆர்ஜிபி

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் படம் எடுத்து, அதே நிற வடிகட்டிகள் வழியே மூன்றையும் ஒரே இடத்தில் ஒளியாய் வீழ்த்தினால் முழு வண்ணப்படம் கிடைக்கும் என்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்து காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஆண்டு 1861. படத்தில் இருந்தது கட்டம் போட்ட ஸ்காட்லாந்து ரிப்பன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துப் புகைப்படத் தகட்டுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் எதிரொளித்ததால் சோதனை எப்படியோ தேறிவிட்டது. இது தெரியவர நூறாண்டு ஆனது.

255இல் ஏன் நிற்கிறது?

கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எட்டு பிட். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள் அடங்கும். மூன்று நிறத்துக்கும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள்.

எல்லையைத் தாண்டினால்? மொழிக்கு மொழி மாறும். படம் வரைவதற்கான பிராசஸிங் மொழியில் 300 என்று கொடுத்தாலும் 255 என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான் மொழியில் நம்பை என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு படத்தைத் திருத்துகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: எட்டு பிட் எண்ணாக வைத்திருக்கும்போது 250உடன் 10ஐக் கூட்டினால் விடை 4. புகைப்படத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாம் என்று போனால், பளிச்சென்றிருந்த வானத்தில் கரிய திட்டுகள் முளைக்கும். 'ஓவர்ஃப்ளோ' என்றால் என்ன என்று கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்குவதைவிட அந்த வானம் நன்றாகவே விளக்கும்.

கருஞ்சாம்பலைவிடச் சாம்பல்தான் கறுப்பு!

வலைப்பக்கங்களில் நிறத்தைப் பெயர் சொல்லியும் அழைக்கலாம். மொத்தம் 148 பெயர்கள். 'கிரே' என்றால் மூன்று நிறமும் 128. 'டார்க்கிரே' என்றால் அதைவிட இருட்டாக இருக்க வேண்டுமல்லவா? அதன் மதிப்பு 169. அதாவது இன்னும் வெளிறியது. எக்ஸ்11 என்ற பழைய யூனிக்ஸ் வரைகலை அமைப்பின் பெயர்ப்பட்டியலும் ஹெச்டிஎம்எல் பட்டியலும் பின்னாளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது நேர்ந்த குளறுபடி இது. திருத்தினால் கோடிக்கணக்கான பக்கங்களின் நிறம் மாறிப்போகும் என்பதால் யாரும் கைவைக்கவில்லை.

'கிரீன்' என்று எழுதினாலும் முழுப் பச்சை வராது, பாதிதான் வரும். 255 பச்சைக்கு அங்கே பெயர் 'லைம்'. 'பப்பாயாவிப்' என்றும் ஒரு நிறம் இருக்கிறது. பப்பாளிப் பழத்தைத் தினமும் பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அதைத் திரையில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வதே இல்லை. வெளிறிய சந்தன நிறம் அது.

பழுப்பு நிறத்துக்குத் தனிச் சர்க்யூட்

1980களின் ஐபிஎம் பிசியில் 16 நிறங்கள். வாய்ப்பாடு நேரானது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு பிட், வெளிச்சத்துக்கு ஒரு பிட். இதன்படி சிவப்பும் பச்சையும் சேர்ந்து, வெளிச்சம் குறைந்தால் மங்கிய பச்சை கலந்த ஒரு மஞ்சள் வர வேண்டும். பார்க்கச் சகிக்காது. ஐபிஎம் தன் வண்ண மானிட்டருக்குள்ளேயே இதற்கென்று தனி மின்சுற்று வைத்தது. இந்தக் கலவையான 6ஆம் எண் நிறம் வந்தால் மட்டும் பச்சையைப் பாதியாகக் குறைத்துவிடும். அப்படிப் பிறந்ததுதான் பிசியின் பழுப்பு.

நம் ஊர்க் கல்லூரி லேப்களில் டர்போ சி படித்தவர்களுக்கு இந்தப் பழுப்பு பழைய நண்பன். அங்கே 'பிரவுன்' என்றால் 6, 'எல்லோ' என்றால் 14. படம் எதையும் வரையும் முன், வரைகலையைத் தொடங்கும் 'இனிட்கிராஃப்' வரியில் பிஜிஐ ஃபோல்டருக்குச் சரியான வழி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 'பிஜிஐ எரர்' என்று முகத்திலடித்தாற்போல் ஒரு வரி. வட்டம் போடும் நிரலைவிட அந்த ஒரு வரியைச் சரிசெய்ய ஆன நேரம்தான் அதிகம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் வட்டம் முதல் தடவையே வந்திருக்கும்!

மினுக்கும் நிறங்கள்

இந்தியப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டம் 1984இல் தொடங்கியது. அதில் வந்த கணினி இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. 16 நிறம் என்று சொல்லிக்கொண்டாலும் நிலையானவை எட்டுதான். மிச்ச எட்டும் மாறி மாறி மினுக்கும் ஜோடிகள்.

கட்டடக்கலை மாணவர்களும் தேறினார்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் 1999 முதல் எந்தத் துறை மாணவரும் ஒரு கணினிப் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. எல்லோருக்கும் ஒரே பாடம். கட்டடக்கலை மாணவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. 'எங்களுக்கு இதனால் என்ன பயன்?' என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

2003இல் அங்கே ஆசிரியராக இருந்த மார்க் கஸ்டியல் அவர்களுக்காக 'மீடியா கம்ப்யூட்டேஷன்' என்ற பாடத்தைத் தொடங்கினார். பாடநூல்களை எழுதுவதில் பார்பரா எரிக்சன் துணை நின்றார். மொழி பைத்தான். எண்களை வரிசைப்படுத்துவதற்குப் பதில் மாணவர்கள் தங்கள் சொந்தப் புகைப்படத்தைத் திருத்தினார்கள். தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று, கடற்கரைப் படத்தை அந்திநேரப் படமாக்குவது. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியாகப் போய் நீலத்தையும் பச்சையையும் 0.7ஆல் பெருக்க வேண்டும்; சிவப்பைத் தொடக்கூடாது. பொழுது சாய்ந்துவிடும்! சிவப்பைக் கூட்டித்தான் அந்தியை வரவழைக்க வேண்டும் என்று முதலில் எல்லோருமே நினைப்பார்கள். நிஜ வானத்திலும் நடப்பது நீலம் கழிவதுதான்.

கவனித்தீர்களா, இதற்குள் 'லூப்' வந்துவிட்டது. பத்து லட்சம் புள்ளிகளுக்குக் கையால் வரி எழுத முடியாது என்பதால் லூப் ஏன் தேவை என்று யாரும் கேட்கவில்லை. கட்டடக்கலை மாணவர்களின் தேர்ச்சி பிறகு சுமார் 85 சதவீதத்துக்கு ஏறியது.

மூன்றால் வகுத்தால் போதுமா?

வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னால், மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்கத்தான் எல்லோரும் கிளம்புவார்கள். செய்து பார்க்கட்டும். தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலம் மூன்றுமே 85 என்று ஒரே சாம்பலாகிவிடும். மூன்று பலூன் இருந்த படத்தில் எது எந்தப் பலூன் என்றே தெரியாது. நம் கண்ணுக்குப் பச்சை மிகப் பிரகாசம், நீலம் மிக மங்கல். ஆகவே பழைய தொலைக்காட்சிக் கணக்கு சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு பிரிக்கிறது. அதன்படி விடை 76, 150, 29. பலூன்கள் பிரிந்துவிடும்.

முதல் டிஜிட்டல் படம் ஒரு கைக்குழந்தை

1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாத மகனின் படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. மொத்தமே 30,976. இன்று வாட்ஸ்அப் முகப்புப் படம்கூட அதைவிடப் பெரிது. புள்ளியைச் சதுரமாக வைத்தது தவறு என்று கிர்ஷ் வயதான காலத்தில் வருந்தினார். சதுரமல்லாத புள்ளிகளை வைத்துப் படத்தை மெருகேற்றும் வழியையும் ஆராய்ந்தார்.

கணினியே இல்லாத வகுப்புக்கு

நியூசிலாந்தின் டிம் பெல், இயன் விட்டன், அமெரிக்காவின் மைக் ஃபெல்லோஸ் ஆகியோர் தொகுத்த 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' பயிற்சிகளில் ஒன்று, எண்ணைப் பார்த்துக் கட்டம் நிரப்புவது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். ஐந்து கட்ட அகலம், ஆறு வரி உயரம். ஒவ்வொரு வரியிலும் முதல் எண் எத்தனை கட்டம் வெள்ளை என்று சொல்லும், அடுத்தது எத்தனை கறுப்பு, அடுத்தது மறுபடி வெள்ளை. வரி கறுப்பில் தொடங்கினால் முதல் எண் 0.

1, 3, 1
4, 1
1, 4
0, 1, 3, 1
0, 1, 3, 1
1, 4

நிரப்பிப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்து வந்திருக்கும். ஃபேக்ஸ் இயந்திரம் படத்தைத் தொலைபேசி வழியே அனுப்பியதும் இந்த முறையில்தான். அடுத்து பிள்ளைகளே ஒரு படம் வரைந்து, எண்ணாக மாற்றி, பக்கத்து பெஞ்சுக்குச் சொல்லட்டும். யாராவது ஒருவர் முதல் 0ஐ விட்டுவிடுவார். அங்கே ஒரு வரி முழுவதும் கறுப்பு வெள்ளை மாறி நெகட்டிவாகிவிடும். 'ட' எழுத்தில் தொடங்குவது நல்லது. 'ஐ' எழுத்தை முதல் நாளே முயலாதீர்கள்!

ஆப்பிள் மெக்கின்டாஷின் 1984ஆம் ஆண்டுச் சின்னங்களை வரைந்த சூசன் கேரும் கட்டம் போட்ட காகிதத்தில்தான் தொடங்கினார். 32க்கு 32 கட்டம்.

'இடைப்புள்ளி 13–7' ஒரு நிரல்

மார்கழி மாதத்து வார இதழ்களில் கோலத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: 'இடைப்புள்ளி, 13 புள்ளி, 7 வரை'. இரண்டு எண், ஒரு சொல். அதைப் பார்த்தே கோலம் போடத் தெரிந்தவர் புள்ளி வைத்து முடித்துவிடுவார். நடுவரிசையில் 13. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைந்து, 7இல் நிற்கும். புள்ளிகள் மேல்வரிசையின் இரண்டு புள்ளிக்கு இடையில் விழும்.

இதைத் திரையில் செய்யச் சொல்லுங்கள். வரிசைக்கு ஒரு லூப், அதற்குள் புள்ளிக்கு ஒரு லூப். வரிசை மாறும்போது தொடக்கப் புள்ளியை அரை இடைவெளி தள்ள வேண்டும். இதை மறந்தால் கோலம் ஒரு பக்கமாகச் சரிந்து போகும். எல்லாம் சரியாக வந்தால் 127 புள்ளிகள், அறுகோண வடிவில். நேர்ப்புள்ளி 15–1 என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டிரண்டாகக் குறையும். நிரலில் மாறுவது ஓர் எண்ணும் தள்ளும் அளவும்தான். பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்து, பேரன் எழுதிய நிரலை அவரைச் சரிபார்க்கச் சொல்லும் துணிச்சல் எந்த ஆசிரியருக்காவது உண்டா?

கோலத்தைக் கணினியியலுக்குள் கொண்டுபோனது தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974இல் கணினி வரைகலைக்கான சர்வதேச இதழில் வெளியானது. பிறகு பிரெமிஸ்லாவ் புருசின்கெவிச் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிக்குக் கோலங்களை ஆமையைக் கொண்டு வரைந்தார்கள். குட்டி விதி ஒன்றை அதற்குள்ளேயே திரும்பத் திரும்பப் பொருத்தினால், கை எடுக்காமல் போடும் கோலம் நீண்டுகொண்டே போகும். செடி கொடிகளைத் திரையில் வளர்க்கவும் அதே முறைதான் பயன்படுகிறது.

தமிழிலேயே ஆமையை ஓட்டலாம்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழில். திரையில் எழுத 'பதிப்பி'. ஆமை வரைகலையும் அதில் உண்டு.

ஸ்கிராட்சில் 200 வந்தால் பழைய குருடி

எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மொழியில், திரையில் நிற்கும் பூனையின் நிறத்தை ஓர் எண்ணால் மாற்றலாம். 25, 50 என்று கூட்டிக்கொண்டே போனால் நிறச்சக்கரத்தைச் சுற்றி, 200இல் பூனை மறுபடி ஆரஞ்சாகிவிடும். 199இல் நின்று பார்க்கச் சொன்னால் மீதி வகுத்தலைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

'இந்த நிறத்தைத் தொடுகிறாயா?' என்று கேட்கும் கட்டம் ஒன்றும் உண்டு. சுவருக்கு ஒரு நிறம் தீட்டி, தொட்டால் தொடக்கத்துக்குத் திரும்பு என்று சொன்னால் புதிர்ப்பாதை விளையாட்டு தயார். சுவரின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்காமல், சொட்டுக்குழாய்ச் சின்னத்தால் சுவரிலிருந்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூனை சுவரை ஊடுருவிப் போய்விடும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலும் ஸ்கிராட்ச் உண்டு. அங்கே அது ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக ஒடுங்கிவிடுவதுதான் வருத்தம்.

100க்கு 100, நிறமே இல்லாமல்

1999இல் எம்ஐடியின் ஜான் மேடா ஓவியர்களுக்கென்று 'டிசைன் பை நம்பர்ஸ்' என்றொரு மொழி செய்தார். திரை 100க்கு 100 புள்ளி. நிறம் கிடையாது, 0 முதல் 100 வரை சாம்பல் மட்டும். அவருடைய மாணவர்கள் கேஸி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001இல் அதை விரித்துப் பிராசஸிங் ஆக்கினார்கள். பின்னாளில் லாரன் மெக்கார்த்தி அதை உலாவியில் ஓடும் பி5 ஆக மாற்றினார்.

இதில் புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. சுட்டியைத் தொடர்ந்து ஒரு வட்டம் வர வேண்டும் என்று எழுதுவார்கள். பின்னணி நிறம் பூசும் வரியை நொடிக்கு 60 முறை ஓடும் 'டிரா' பகுதிக்குள் வைத்தால் ஒரே வட்டம் நகரும். ஒருமுறை மட்டும் ஓடும் 'செட்டப்' பகுதியில் வைத்துவிட்டால், போன வழியெல்லாம் வட்டங்கள் தங்கி நீண்ட வால் முளைக்கும். பெரும்பாலான பிள்ளைகள் வாலைத்தான் விரும்புகிறார்கள். திருத்தச் சொன்னால் மறுப்பார்கள்.

மேலே போகச் சொன்னால் கீழே போகும்

கணக்கு நோட்டில் ஒய் அச்சு மேல்நோக்கி வளரும். பிராசஸிங்கில் கீழ்நோக்கி, தொடக்கப்புள்ளி இடது மேல் மூலை. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடிய வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. ஸ்கிராட்சில் நடுவில் 0, மேலே 180, கீழே கழித்தல் 180. கணக்கு ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாக விரும்பாதவர்கள் ஸ்கிராட்சில் தொடங்கலாம்.

ஃபைலுக்கு 'டர்ட்டில்' என்று பெயர் வைக்காதீர்கள்

பைத்தானில் ஆமை கூடவே வரும்; தனியாக நிறுவ வேண்டியதில்லை. முதல் நிரலை எழுதியவர் அதை ஆசையாக 'டர்ட்டில்' என்ற பெயரிலேயே சேமித்து வைப்பார். அவ்வளவுதான். ஆமையைக் கூப்பிட்டால் பைத்தான் அவருடைய ஃபைலையே ஆமை என்று எடுத்துக்கொண்டு விழிக்கும். ஃபைலின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. அடுத்த பொறி: நிறத்துக்கு 255 என்று கொடுத்தால் ஏற்காது. ஆமை முதலில் 0 முதல் 1 வரைதான் எண்ணும். 'கலர்மோடு' 255 என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

கணினி கிடைக்கும்வரை காத்திருக்காதவர்

பாரிஸில் வாழ்ந்த ஹங்கேரிய ஓவியர் வேரா மோல்னார் 1959இலேயே விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் நிறைவேற்றிப் படம் வரைந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கற்பனை இயந்திரம்'. நிஜக் கணினி 1968இல்தான் கைக்கு வந்தது. 2023இல், நூறு வயதை எட்டச் சில வாரங்களே இருந்தபோது மறைந்தார்.

சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால்

சிவப்பு–பச்சை நிறக்குருடு பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர். 'சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு' என்று பயிற்சி வைத்தால் வகுப்பில் ஒரு பையன் சத்தமில்லாமல் ஊகித்துக்கொண்டிருக்கக்கூடும். பச்சைக்கு ஒரு வட்டம், சிவப்புக்கு ஒரு பெருக்கல் குறி சேர்த்துவிடுங்கள். சாம்பலாக்கும் நிரலை முன்பே எழுதிய வகுப்பு என்றால், தங்கள் விளையாட்டுத் திரையை அதில் போட்டுச் சோதித்தும் பார்க்கலாம்.

தையல் போடும் நிரல்

ஆமை போன தடத்தில் பேனா ஓடும். பேனாவுக்குப் பதில் தையல் ஊசி ஓடினால்? ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியா மயர் தொடங்கிய டர்ட்டில்ஸ்டிச்சில் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதினால், எம்பிராய்டரி இயந்திரத்துக்கான ஃபைல் கிடைக்கும். திரையில் ஒரே இடத்தில் ஆயிரம் கோடு போட்டாலும் ஒன்றும் ஆகாது. துணியில் போட்டால் நூல் சிக்கி ஊசி உடையும்.

மாட்டியும் வைக்கலாம், ஓட்டியும் பார்க்கலாம்

டேவிட் மார்கன்-மார் உருவாக்கிய பியட் என்ற மொழியில் எழுத்தே கிடையாது. நிரல் என்பதே ஒரு வண்ணப்படம். நிறக்கட்டங்களால் ஓவியம் தீட்டிய பியட் மோன்ட்ரியனின் பெயர் அதற்கு. ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் மூன்று சாயல், போதாதற்குக் கறுப்பும் வெள்ளையும்: மொத்தம் 20. எந்த நிறத்துக்கும் தனியாகக் கட்டளை கிடையாது. இடது மேல் மூலையில் தொடங்கி, ஒரு நிறத்திலிருந்து பக்கத்து நிறத்துக்குப் போகும்போது நிறம் எத்தனை படி மாறியது, சாயல் எத்தனை படி மாறியது என்பதே கட்டளை. புதியவர்களுக்கு இதில் பாடம் எடுக்க யாரும் முனைய வேண்டாம், ஒரு கூட்டலுக்கே நாள் முழுக்க ஓடிவிடும். ஆனால் வண்ணப்பெட்டியோடு மட்டும் உட்காரும், கோடிங் என்றாலே ஓடுகிற பிள்ளை வகுப்பில் இருந்தால், ஒரு பியட் படத்தைக் காட்டி அதை ஓட்டியும் காட்டுங்கள்.